ஒரே சட்டையில் பதினொரு பேர்

டோடோஸ் சாந்தோஸ்
9 பிப்ரவரி 1994

தம்பி பெனித்தோவுக்கு,

நீயும் உன் கேமராவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும், உன் பெண்டாட்டி நிக்கோலாசாவும், பிள்ளைகள் இரண்டும் சுகம். எல்வீராவுக்கு இருமல் இருந்தது. நீராவிக் குளியல் அறையில் உட்கார வைத்ததில் போய்விட்டது.

ஊருக்கும் அங்கேயும் போய்வந்து சாமான் சுமக்கிற டொன் காஸ்பார் இந்தத் தடவையும் உன் பொட்டலத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஓக்லாந்தில் இருக்கும் நம் ஊர் ஆண்கள் பதினொரு பேர், ஆளுக்கொரு படம். வழக்கம்போல அவரவர் வீட்டாரை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்க வைத்து எடுத்தேன். நீ அனுப்பிய ஆளைக் கத்தரித்து அந்த இடத்தில் ஒட்டி, மறுபடி படம் பிடித்துக் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் திருப்தி. மார்த்தினாவுக்கு மட்டும் இல்லை.

படத்தை வாங்கிக்கொண்டு போனவள் நேரே நம் வீட்டு அடுப்படியில் வந்து நின்றாள். நிக்கோலாசா சோள மாவில் டார்ட்டியா தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, எம் புருஷனுக்கு நீ எதுக்குடி காலர் நெய்து குடுத்த?"

"எந்தப் புருஷன்?" என்றாள் உன் பெண்டாட்டி, தட்டுவதை நிறுத்தாமல்.

"எனக்கென்ன பத்து புருஷனா இருக்கு? ஃபாபியான். இந்தா பாரு. மஞ்சக் கோடு ஒண்ணு, அதுக்குக் கீழ மூணு பச்சை, அப்பறம் ஒரு ஊதா. இது உங்கையா இல்லையா?"

நிக்கோலாசா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "எங் கைதான்" என்றாள். அப்புறம் அடுப்பில் கருகின டார்ட்டியாவைத் திருப்பிப் போட்டாள்.

மார்த்தினா போட்ட கூச்சல் சந்தை வரைக்கும் கேட்டது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் ஆண்பிள்ளையின் காலரைத் தொடுவது மூன்று கை. அம்மா கை, கூடப் பிறந்தவள் கை, கட்டினவள் கை. நாலாவது கை பட்டால் அதற்கு என்ன பெயரென்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டு நாளாக உன் பெண்டாட்டி தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

நீ அங்கே என்ன கூத்து பண்ணினாய்? உடனே எழுது. உன் படமும் ஒன்று அனுப்பு. ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவன் தன் படத்தை அனுப்பி மூன்று வருஷம் ஆகிறது.

அக்கா
பசிலியா

*

ஓக்லாந்து
6 மார்ச் 1994

அன்பான அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முதுகுவலி தவிர ஒன்றுமில்லை.

கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு, சிரிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது.

அக்கா, இங்கே யாரிடமும் ஊர் உடுப்பு கிடையாது. எல்லை தாண்டிக் கூட்டிவருகிறவர்கள் வழியிலேயே கழற்றி எறியச் சொல்லிவிடுகிறார்கள். சிவப்பு வரிக் கால்சட்டையோடு மெக்சிகோவைத் தாண்ட முடியுமா? என்னிடம் மட்டும்தான் ஒரு செட் இருக்கிறது. நான் வந்து சேர்ந்த பிறகு டொன் காஸ்பார் கையில் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை படமெடுக்க வருகிறவன் பெயின்ட் கறையோடு வருகிறான், கோழி நாற்றத்தோடு வருகிறான். அவன் அம்மா அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாமே என்று என் சட்டையையும் கால்சட்டையையும் மாட்டிவிட்டு நிற்க வைக்கிறேன். குட்டையானவனுக்குப் பின்பக்கம் கிளிப் போடுவேன். அடுத்தவன் வந்தால் இவன் கழற்றிக் கொடுப்பான். காலரை ஊரில் உற்றுப் பார்ப்பார்கள் என்பதை மறந்தே போனேன். இங்கே இருந்தால் அப்படித்தான் ஆகிறது.

ஃபாபியானைத் திரும்ப வரச்சொல்லி அவனுடைய கம்பளிக் கோட்டிலேயே ஒரு படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மார்த்தினாவிடம் காட்டு.

என் படத்துக்கு நேரமில்லை. எடுக்கிறவனை யார் எடுப்பது?

தம்பி
பெனித்தோ

*

டோடோஸ் சாந்தோஸ்
11 ஏப்ரல் 1994

தம்பிக்கு,

முதுகுக்கு உடும்புக் கொழுப்பு தடவு. அங்கே கிடைக்காவிட்டால் சும்மா படுத்திரு. நாங்கள் சுகம். மழைக்கு முன்னால் கூரையைச் சரிபண்ணிவிட்டோம்.

உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டியும் ஊர் நம்பவில்லை. ஆகவே பதினொரு பேர் படத்தையும் ஸ்டுடியோ வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒரே சட்டை. எல்லாவற்றிலும் அதே பொத்தான் உடைந்திருக்கிறது. ஒருவனுக்குக் கை முட்டியோடு நிற்கிறது, அடுத்தவனுக்கு விரலை மூடுகிறது. சந்தை நாளில் கூட்டம் கூடிவிட்டது. கிழவர்கள் சிரித்துச் சிரித்து இருமினார்கள். இப்போது படத்தில் இருப்பவர்களுக்கு "நிக்கோலாசாவின் பதினொரு மாப்பிள்ளைகள்" என்று பெயர். நீ பன்னிரண்டாவது.

மார்த்தினா முட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெட்கப்பட்டு நின்றாள். "நான் என்னடி பண்ணுவேன், தூரத்துல இருக்கிற ஆளு, துணியத் தவிர வேற எதப் பாத்துக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். நிக்கோலாசா அவளை உட்கார வைத்துக் காபி கொடுத்தாள்.

அவள் போனதும் உன் பெண்டாட்டி சொன்னது இது: "பாருங்கக்கா, நாலு வருஷமாச்சு, இன்னும் பத்திரமா வச்சிருக்காரு." அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. மறுநாளே உனக்குப் புதுக் காலருக்குத் தறியில் பாவு போட்டுவிட்டாள். பதினொரு கழுத்து பட்டால் எந்தத் துணி தாங்கும் என்கிறாள்.

அனைத்துப் புனிதர் திருநாளுக்கு நம் குடும்பப் படம் எடுக்க வேண்டும். மூன்று வருஷமாக உன் பழைய படத்தையே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அபெல் வளர்ந்துவிட்டான், நீ மட்டும் இளமையாகவே இருக்கிறாய். புதுப்படம் அனுப்பு.

பசிலியா

*

ஓக்லாந்து
17 ஜூலை 1994

அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று டொன் காஸ்பார் சொன்னார். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை மாறினேன், அறையும் மாறினேன். புது முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

ஆறு படங்கள் அனுப்புகிறேன். ராமிரோவின் படத்தில் முகத்தில் கொஞ்சம் நிழல் விழுந்துவிட்டது. நீ டச்சப் பண்ணிக்கொள்.

புதுக் காலர் அனுப்ப வேண்டாம். இருப்பதே போதும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் நிறுத்தாமல் அனுப்பச் சொல். இங்கே வெயில்.

பெனித்தோ

*

டோடோஸ் சாந்தோஸ்
21 ஆகஸ்ட் 1994

பெனித்தோ,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம்.

ராமிரோவின் நிழலை எடுக்க லென்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிக்கோலாசா எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். கோப்பையை மேசையில் வைத்தவள் அப்படியே குனிந்து நின்றாள்.

"லென்சக் குடுங்கக்கா."

கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். எனக்கு முகம் பார்த்துத்தான் பழக்கம், துணி என் கண்ணில் படுவதில்லை. அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற ஐந்து படத்தையும் கேட்டு வாங்கி வரிசையாக வைத்தாள். சட்டை அதே சட்டை. உடைந்த பொத்தான் அதே பொத்தான். காலர் மட்டும் வேறு. மஞ்சள் கோடே இல்லை. சிவப்பில் சின்னச் சின்னதாக வைரக்கட்டம்.

"எங் காலரப் பிரிச்சு எடுத்துட்டு இதத் தச்சிருக்காங்க" என்றாள். கோபமே இல்லாத குரல். "நல்ல கை. நெருக்கமா விழுந்திருக்கு. அவசரப்படாத பொம்பள."

"கடையில வாங்கியிருப்பான்டி" என்றேன்.

"கடைக்கு நெய்றவ கழுத்தோட வளைவு பாத்து நெய்வாளாக்கா?"

கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் குடிக்கவே இல்லை என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. உனக்காகத் தறியில் பாதி நெய்திருந்ததை அன்று சாயங்காலம் சுருட்டி உத்தரத்தில் சொருகிவிட்டாள்.

நம் அம்மா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. உன் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான், எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. கட்டினவள் இங்கே இருக்கிறாள். அப்படியானால் அது யாருடைய கை? நேரே கேட்கிறேன், நேரே பதில் எழுது. முகத்தில் நிழல் விழுந்தது என்றெல்லாம் எழுதாதே.

பசிலியா

*

ஓக்லாந்து
18 செப்டம்பர் 1994

அக்கா,

சுகமா? இந்தக் கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டாதே.

பழைய காலர் நைந்து கிழிந்துவிட்டது. இந்த வீட்டில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, உனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் சமையல் ஒன்றாக ஆகிறது, வாடகை பாதியாகிறது. கிழிந்த சட்டையை மாட்டிப் படம் எடுத்தால் ஊரில் சிரிப்பார்களே என்று அவள் தைத்துக் கொடுத்தாள். இங்கே தனியாக இருக்கிறவர்களின் நிலைமை அங்கே இருப்பவர்களுக்குப் புரியாது. அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

ஒரு உதவி செய். நீதான் நெய்து டொன் காஸ்பாரிடம் கொடுத்தனுப்பினாய் என்று சொல்லிவிடு. கூடப் பிறந்தவள் கைக்கு உரிமை உண்டு, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நீ சொன்னால் வீட்டில் நம்புவார்கள். ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் நிக்கோலாசா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விடுவாள், நீ அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாய். யோசித்துப் பார்.

என் படம் தனியாக அனுப்புகிறேன்.

பெனித்தோ

*

டோடோஸ் சாந்தோஸ்
12 அக்டோபர் 1994

பெனித்தோ,

உன் சுகத்தை இந்த முறை கேட்கவில்லை. எங்கள் சுகத்தைக் கடைசிவரை படித்து நீயே தெரிந்துகொள்.

சொன்னேன். நீ கேட்டபடியே சொன்னேன். உனக்காக இல்லை. கடைசியில் எழுதினாயே, தனியாக உட்கார்ந்திருப்பாய் என்று, அதற்குப் பயந்து சொன்னேன். எனக்கென்று புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அபெலும் எல்வீராவும் காலையில் இருட்டறைக் கதவைத் தட்டாவிட்டால் எனக்கு அது நாளாகவே தெரிவதில்லை. நீ எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தாய்.

நிக்கோலாசா கேட்டுக்கொண்டாள். "அப்டியாக்கா" என்றாள். "எனக்குச் சொல்லவே இல்லையே. சரி, அதே கைல நம்ம அபெலுக்கும் ஒண்ணு நெய்து குடுங்க. திருநாளுக்குப் போட்டுக்கட்டும்."

சரி என்றேன். மறுநாள் அவளே பாவு போட்டு, தறியைத் தூணில் கட்டி, என்னை முட்டி போட வைத்து, அதன் மறுமுனை வாரை என் இடுப்பில் மாட்டினாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா. படம் கழுவுகிற மருந்தில் ஊறின விரல் நூலைப் பிடிக்குமா. பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கிறது, முன்னால் சாய்ந்தால் தொங்குகிறது. காலையில் நெய்ததை மத்தியானம் பிரிப்பேன். மார்த்தினா வந்து எட்டிப் பார்த்து, "பசிலியாக்கா வல பின்றாங்களா, மீன் பிடிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நிக்கோலாசா பக்கத்திலேயே உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தாள். நிறம் கேட்டால் கொடுப்பாள். தப்பாகக் கேட்டாலும் அதையே கொடுப்பாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. கடைசியில் நான் நெய்தது உள்ளங்கை அகலம். அதைத் துணி என்று சொன்னால் பாவம். சனிக்கிழமை அவள் எழுந்து வந்து என் இடுப்பிலிருந்து வாரைக் கழற்றினாள்.

"போதும்க்கா. உங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும்."

நான் அழுதேன், பெனித்தோ. அவள் அழவில்லை. தறியைச் சுருட்டி வைத்துவிட்டு எனக்கு வெந்நீர் போடப் போனாள்.

இனிமேல் உனக்காக என் வாய் பொய் சொல்லாது. அவளிடம் சொல்ல வேண்டியதை நீயே எழுது. நான் ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் வாசித்துக் காட்டுகிறேன். அவள் உன்னிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "இருக்குன்னு சொல்லட்டும், இல்லன்னு சொல்லட்டும். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா நான் எழுந்து என் வேலையப் பாப்பேன்" என்கிறாள். திருநாளுக்குள் எழுது.

பசிலியா

*

ஓக்லாந்து
14 அக்டோபர் 1994

அன்பான அக்காவுக்கு,

நான் நலம். எல்லோரும் நலமாக இருக்கவும்.

கேட்டபடி என் படம். நண்பன் ஒருவன் எடுத்தான். குடும்பப் படத்தில் வழக்கமான இடத்தில் ஒட்டிக்கொள்ளவும். திருநாள் நன்றாக நடக்கட்டும். குதிரை ஓட்டத்தில் யார் விழுந்தார்கள் என்று எழுது.

பெனித்தோ

*

டோடோஸ் சாந்தோஸ்
7 நவம்பர் 1994

பெனித்தோ,

உன் படம் திருநாளுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. கடிதமும் வந்தது. என் கடிதம் உனக்கு வந்து சேருமுன் நீ எழுதியது என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒன்று வரும் என்று டொன் காஸ்பாரின் பஸ்ஸுக்கு இரண்டு தடவை போய் நின்றேன். அவர் கையை விரித்தார்.

படத்தில் நன்றாகத்தான் இருக்கிறாய். சதை போட்டிருக்கிறாய். நீலக் கோட்டு, உள்ளே காலரே இல்லாத பனியன். யோசித்துத்தான் போட்டிருக்கிறாய். நிக்கோலாசாவிடம் கொடுத்தேன். "சாப்பாடு நல்லாத்தான் கெடைக்குது" என்றாள். என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

குதிரை ஓட்டத்தில் ராமிரோவின் மாமா விழுந்தார். குடித்தால் விழத்தானே வேண்டும். தோள் பிசகியிருக்கிறது. மரிம்பா வாத்தியம் இரண்டு நாள் ஓயவில்லை. உனக்கென்று உத்தரத்தில் சொருகி வைத்த காலரை நிக்கோலாசா நெய்து முடித்து ஒரு சட்டையில் தைத்தாள். அபெல் அதைப் போட்டுக்கொண்டு சுற்றினான். அவனுக்கு அது தோள்வரை தொங்கியது. கழற்ற மாட்டேன் என்றான்.

திருநாள் முடிந்த மறுநாள் காலை மூவரும் குளித்து, உடுத்தி, தலைக்கு நாடா கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். நான் வழக்கம்போல எல்வீராவை ஒரு பக்கம், அபெலை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, நிக்கோலாசாவைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவள் தள்ளவில்லை.

"இந்த வருஷம் எடம் விடாதீங்கக்கா."

அப்பன் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எடுக்கிற படமோ என்று நினைத்தேன். கேட்டேவிட்டேன். "போறியா?"

"எங்க?"

"உங்க அப்பன் வீட்டுக்கு."

"எதுக்கு? போனது அவரு. நான் எங்கயும் போகலயே." அப்புறம் நாடாவைச் சரிசெய்துகொண்டு, "நான் போனா உங்களுக்கு யாருக்கா கஞ்சி கொண்டு வருவா?" என்றாள்.

அபெல் மேசைமேல் இருந்த உன் படத்தைக் காட்டி, "அப்பாவ ஒட்டலயா?" என்று கேட்டான்.

"அப்பாவுக்கு அங்க வேற படம் இருக்குடா" என்றாள். வெறுப்பே இல்லாமல், மழை வருது துணியை எடு என்கிற மாதிரி சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டினான். பதில் வராததையே அவள் உன் பதிலாக எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க வாங்க. கேமராவுக்குப் பின்னாடியே எத்தன வருஷம் நிப்பீங்க?" தானாகப் படம் பிடிக்கிற விசையை முடுக்கிவிட்டு ஓடிப்போய் நின்றேன். ஊர் முழுவதையும் நிற்க வைத்தவளுக்குத் தன் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எல்வீரா பிடித்துக்கொண்டாள்.

பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது. உன் படத்தையும் வைத்திருக்கிறேன். ஒட்டுவதற்கு இடம் இல்லை. நாங்கள் சுகம்.

பசிலியா

*

ஓக்லாந்து
18 டிசம்பர் 1994

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் நான்கு பேரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது தேவலை.

படம் வந்தது. பல தடவை எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இனி எழுதினாலும் உபயோகமில்லை என்று தெரிகிறது.

படத்தை இங்கே படமெடுக்கிற மூலையில், திரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வீட்டில் ஒருவர் அதை ஏன் மாட்டினாய் என்று கேட்டார். எடுக்க முடியாது என்று சொன்னேன். மற்றதெல்லாம் அவர் இஷ்டப்படிதான் நடக்கிறது.

போன ஞாயிறு மலைக்கு அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் படமெடுக்க வந்தான். வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, நம் ஊரில் யாரையும் தெரியாது. நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு குடும்பம்ணே இது?"

என்னுடையது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அக்கா. அவன் மறுபடி படத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நீங்கள் நான்கு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறீர்கள்.

"எங்க அக்கா குடும்பம்" என்றேன்.

"நல்ல குடும்பம்" என்றான்.

பெனித்தோ